ஜான் ராக்கரைத் தண்டித்தது பேச்சுரிமை மீறலா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைதானத்துக்கு வெளியே, ஒரு பத்திரிகைப் பேட்டியில் பேசியதற்காக ஒரு விளையாட்டு வீரரை அவருடைய அணியோ லீகோ தண்டிக்கலாமா? அமெரிக்காவில்தான் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் பேச்சுரிமையைக் காக்கிறதே, அப்படியானால் 2000-ல் பேஸ்பால் வீரர் ஜான் ராக்கருக்கு நடந்தது சட்டவிரோதம் இல்லையா?

இல்லை. 1791-ல் வந்த முதல் திருத்தம் தொடங்குவதே 'காங்கிரஸ் சட்டம் இயற்றக் கூடாது' என்றுதான். அது கட்டிப்போடுவது அரசாங்கத்தின் கையை. பின்னாளில் மாநில அரசுகள், நகராட்சிகள், அரசுப் பள்ளிகள், அரசுப் பல்கலைக்கழகங்கள் வரை அந்தக் கட்டு நீண்டது. ஆனால் ராக்கர் ஆடிய அட்லாண்டா பிரேவ்ஸ் ஒரு தனியார் அணி. அந்த அணி ஆடும் லீகான மேஜர் லீக் பேஸ்பாலும் தனியார் அமைப்பு. அவர்கள் ஒருவரை உட்கார வைத்தால் அதில் முதல் திருத்தத்துக்கு வேலையே இல்லை.

பெரும்பாலானவர்கள் பதிலை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏனென்றால் ராக்கருக்குக் கொடுத்த தண்டனையில் பெரும்பகுதி பிறகு ரத்தானது. 20,000 டாலர் அபராதம் 500 டாலராக இறங்கியது. அரசியல் சட்டம் எட்டிக்கூடப் பார்க்காத இடத்தில் அது எப்படி நடந்தது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான உண்மையான பதில் இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். 1999-ல் ராக்கருக்கு வயது 25. ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் வந்து வெற்றியைக் காப்பாற்றிக் கொடுக்கும் பந்துவீச்சாளர். அந்த சீசனில் மட்டும் 38 ஆட்டங்களை அப்படி முடித்துக் கொடுத்தவர். நியூயார்க் மெட்ஸ் ரசிகர்களுக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. அவர்கள் இவர் மேல் பொருட்களை வீசுவார்கள், இவர் பதிலுக்கு அவர்களைச் சீண்டுவார். அந்த டிசம்பரில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையின் நிருபர் ஒருவர் அட்லாண்டாவில் ராக்கரோடு காரில் சுற்றிப் பேட்டி எடுத்தார். நியூயார்க் அணிக்கு விளையாடுவீர்களா என்ற கேள்விக்கு, அதற்கு ஓய்வு பெற்றுவிடுவேன் என்றார் ராக்கர். அதோடு விட்டிருந்தால் பிரச்சினை இல்லை. மெட்ஸ் அணியின் அப்போதைய ஷே மைதானத்துக்குப் போகும் 7-ம் எண் ரயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அதில் போனால் பக்கத்தில் எய்ட்ஸ் வந்த ஓரினச் சேர்க்கையாளர் இருப்பார், சிறையிலிருந்து வந்தவர் இருப்பார், நான்கு குழந்தை பெற்ற 20 வயதுத் தாய் இருப்பார் என்று அருவருப்போடு அடுக்கினார். நியூயார்க்கில் தனக்குப் பிடிக்காத பெரிய விஷயம் வெளிநாட்டுக்காரர்கள்தான் என்றார். இதெல்லாம் போதாதென்று, தன் அணியிலேயே இருந்த கறுப்பின வீரர் ஒருவரை 'தடிக் குரங்கு' என்றார்.

1999 டிசம்பர் 27 தேதியிட்ட இதழில் அது வெளிவந்தது. நாடு முழுக்கக் கொந்தளிப்பு. ஜனவரி முதல் வாரத்திலேயே லீக் அவரை மனநலப் பரிசோதனைக்குப் போகச் சொன்னது. ஜனவரி 31-ம் தேதி லீகின் தலைவரான கமிஷனர் பட் செலிக் தீர்ப்பைச் சொன்னார்: மே 1 வரை தடை, வசந்தகாலப் பயிற்சி முகாமுக்கும் வரக் கூடாது, 20,000 டாலர் அபராதம், பிறரை மதித்து நடக்கப் பயிற்சி வகுப்பு.

வீரர்கள் சங்கம் இதை எதிர்த்துப் புகார் கொடுத்தது. சங்கத்தில் யாரும் ராக்கர் சொன்னது சரி என்று வாதாடவில்லை. மைதானத்துக்கு வெளியே பேசிய வெறும் பேச்சுக்காக ஒரு வீரருக்கு இவ்வளவு பெரிய தண்டனை இதுவரை கொடுத்ததில்லை என்பதே அவர்கள் வாதம். லீகுக்கும் சங்கத்துக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு சரத்து உண்டு. வீரரைத் தண்டிக்க வேண்டுமானால் நியாயமான காரணம் இருக்க வேண்டும். அது நியாயமா என்பதைக் கமிஷனர் தானே முடிவு செய்துகொள்ள முடியாது, இரு தரப்பும் ஏற்ற வெளி மத்தியஸ்தர் ஒருவர் முடிவு செய்வார். இந்த உரிமையை வீரர்கள் 1970-ம் வருட ஒப்பந்தத்தில் போராடி வாங்கினார்கள். அதற்கு முன் கமிஷனர் சொன்னதுதான் கடைசி வார்த்தை.

மத்தியஸ்தர் ஷியாம் தாஸ் மார்ச் 1-ம் தேதி தீர்ப்புச் சொன்னார். தண்டிக்கக் காரணம் இருக்கிறது, ஆனால் கொடுத்த தண்டனை அளவுக்கு மீறியது. தடை, சீசனின் முதல் 2 வாரமாகச் சுருங்கியது. அபராதம் 500 டாலர். பயிற்சி முகாமுக்கு உடனே போகலாம். ஏப்ரல் நடுவில் ராக்கர் திரும்ப ஆட வந்துவிட்டார்.

செலிக் செய்தது தவறு, தாஸ் செய்தது சரி என்பதுதான் என் கருத்து. தண்டனையே கூடாது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பேட்டியை நிதானமாகப் படித்தால் அதில் இரண்டு வகைப் பேச்சு இருப்பது தெரியும். ரயிலில் வரும் நியூயார்க்வாசிகளைப் பற்றிச் சொன்னது ஒரு மனிதனின் கேவலமான அபிப்பிராயம். அவர்களோடு அவர் வேலை செய்யவில்லை. சக வீரரைப் பற்றிச் சொன்னது அப்படி இல்லை. அந்த வீரர் மறுநாள் அதே உடைமாற்றும் அறைக்கு வந்து, அதே ஆளோடு ஒரே அணிச் சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டும். 1964-ம் வருட சிவில் உரிமைச் சட்டத்தின்படி, பணியிடத்தில் இன இழிவு நடக்கிறது என்று தெரிந்தும் முதலாளி சும்மா இருந்தால், முதலாளி மேலேயே வழக்கு வரும். ஆக, அந்த ஒரு வாக்கியத்துக்கு பிரேவ்ஸ் அணி ஏதாவது செய்தே ஆக வேண்டும். விளம்பரதாரர் கோபம், ரசிகர் கோபம் எல்லாம் அதற்குப் பிறகுதான். பொது விவாதத்தில் எல்லோரும் ரயிலையே பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சக வீரரைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. எனக்கு அது இன்றைக்கும் வருத்தம்தான்.

மனநலப் பரிசோதனைக்கு அனுப்பியதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஒருவர் வெறுப்போடு பேசினால் அவர் பேச்சுக்குப் பொறுப்பாளி. அதை நோயாக்கினால் அவருடைய பொறுப்பும் போகிறது, உண்மையிலேயே மனநோயோடு போராடுகிறவர்களுக்கும் அவமானம். அதோடு, முதலாளிக்குப் பிடிக்காததைப் பேசினால் மருத்துவரிடம் அனுப்புவோம் என்ற வழக்கம் எந்த வேலையிலும் நல்லதில்லை.

சரி, அணி தனியாராக இல்லாமல் அரசினுடையதாக இருந்தால்? அப்போது முதல் திருத்தம் நிச்சயம் உள்ளே வரும். ஆனால் நினைக்கிற அளவுக்குக் காப்பாற்றாது. இதற்கு நல்ல உதாரணம் கீத் டாம்ப்ராட் வழக்கு. ராக்கர் அளவுக்குப் பிரபலமில்லை, ஆனால் சட்டம் தெரிந்துகொள்ள அதைவிடப் பயனுள்ளது.

டாம்ப்ராட் மத்திய மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர். அது அரசுப் பல்கலைக்கழகம். அணியில் 11 பேர் கறுப்பினத்தவர், 3 பேர் வெள்ளையர். 1993 ஜனவரியில் ஓர் ஆட்டத்தின்போது உடைமாற்றும் அறையில் வீரர்களிடம், கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் அந்தச் சொல்லை நான் பயன்படுத்தினால் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். சிலர் பரவாயில்லை என்று தலையாட்டினார்கள். உடனே, நம் அணியில் அப்படிப்பட்டவர்கள் இன்னும் அதிகம் வேண்டும் என்று அந்தச் சொல்லாலேயே சொன்னார். பயமில்லாதவன், விடாப்பிடியாக நிற்பவன் என்ற பொருளில்தான் சொன்னேன், வீரர்களே தங்களுக்குள் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்பது அவருடைய விளக்கம். அணியை விட்டுப் போன ஒரு மாணவர் புகார் கொடுத்தார். முதலில் சம்பளமில்லாமல் 5 நாள் இடைநீக்கம். விஷயம் வெளியே பரவியது, வளாகத்தில் ஆர்ப்பாட்டம் நடந்தது. ஏப்ரலில் அவர் வேலையே போனது.

அவர் வழக்குப் போட்டார். அணியில் இருந்த மாணவர்கள் சிலரும் அவரோடு சேர்ந்து வழக்காடினார்கள் என்பதைக் கவனியுங்கள். 1995-ல் ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு பாகமாகத் தீர்ப்புச் சொன்னது. பல்கலைக்கழகத்தின் இனத் துன்புறுத்தல் தடுப்பு விதி, யார் மனதையாவது புண்படுத்தும் எந்தப் பேச்சையும் வளைத்துப் பிடிக்கும் அளவுக்கு அகலமானது, தெளிவில்லாதது. அதனால் அரசியல் சட்டத்துக்கு விரோதம், செல்லாது. அப்படியானால் பயிற்சியாளருக்கு வேலை திரும்பக் கிடைத்திருக்க வேண்டுமே? கிடைக்கவில்லை. உடைமாற்றும் அறையில் வீரர்களை உசுப்பேற்றப் பேசிய பேச்சு, பொதுநலன் சார்ந்த விஷயம் எதையும் பற்றியது இல்லை; ஆகவே அதற்கு முதல் திருத்தத்தின் காப்பு இல்லை; நீக்கியது செல்லும் என்றது நீதிமன்றம்.

இந்த அளவுகோல் 1968-ல் பிக்கரிங் என்ற ஆசிரியரின் வழக்கிலிருந்து வருகிறது. பள்ளி வாரியம் பணத்தைச் செலவழித்த விதத்தைக் கண்டித்து உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியதற்காக இலினாய் மாநிலத்தில் அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அரசு ஊழியர் குடிமகனாக நின்று பொது விஷயத்தைப் பேசினால், அந்தப் பேச்சின் மதிப்பையும் அதனால் வேலைக்கு வரும் இடைஞ்சலையும் எடைபோட வேண்டும். பொது விஷயமே இல்லையென்றால் எடைபோடும் பேச்சுக்கே இடமில்லை. பள்ளி வாரியத்தின் செலவைக் கேள்வி கேட்ட பிக்கரிங் ஜெயித்தார், உடைமாற்றும் அறையில் பேசிய டாம்ப்ராட் தோற்றார். (டாம்ப்ராட் பிறகு ஓஹியோவின் அக்ரன் நகரில் ஒரு பள்ளி அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். அங்கே அவரிடம் ஆடிய சிறுவர்களில் ஒருவர் லெப்ரான் ஜேம்ஸ்.)

மாணவர்கள் நிலை ஊழியர்களைவிட மேல். 2017-ல் பென்சில்வேனியாவின் மஹனாய் பகுதி அரசுப் பள்ளி மாணவி ஒருவர், சியர்லீடர் முதன்மைக் குழுவில் இடம் கிடைக்காத கோபத்தில், ஒரு சனிக்கிழமை கடையில் நின்றபடி ஸ்நாப்சாட்டில் பள்ளியைக் கெட்ட வார்த்தையில் திட்டிப் படம் போட்டார். பள்ளி அவரை ஒரு வருடம் குழுவிலிருந்து நீக்கியது. 2021-ல் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் பள்ளி செய்தது தவறு என்றது. அவர் சம்பளம் வாங்கும் ஊழியர் இல்லை, பேசியது பள்ளிக்கு வெளியே, நீக்கியது அரசு. மூன்றும் சேர்ந்து அமைந்ததால் வந்த வெற்றி அது.

தனியார் ஊழியருக்குச் சட்டத்தில் ஒன்றுமே இல்லையா என்றால், துண்டு துண்டாக இருக்கிறது. மொன்டானாவைத் தவிர மற்ற மாநிலங்களில் பொது விதி இதுதான்: ஒப்பந்தம் வேறு மாதிரிச் சொல்லாதவரை, சட்டம் தடுத்த காரணங்களைத் தவிர வேறு எதற்காகவும் முதலாளி ஆளை அனுப்பிவிடலாம். 1935-ம் வருட தொழிலாளர் உறவுச் சட்டம், சம்பளத்தையும் வேலை நிலைமையையும் பற்றித் தொழிலாளர்கள் சேர்ந்து பேசுவதைக் காக்கிறது. கலிபோர்னியாவில் ஊழியரின் அரசியல் செயல்பாட்டில் முதலாளி கைவைக்க முடியாது. கனெக்டிகட் மாநிலம் எல்லோரையும்விட ஒரு படி மேலே போய், தனியார் ஊழியருக்கும் முதல் திருத்தத்தின் காப்பை நீட்டியிருக்கிறது. இதில் விளையாட்டு உலகுக்கு நேரடித் தொடர்பு உண்டு, ஏனென்றால் விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனமான இஎஸ்பிஎன்னின் தலைமையகம் அந்த மாநிலத்தின் பிரிஸ்டல் நகரில்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்திலும், பேச்சு வேலையையோ முதலாளியோடு உள்ள உறவையோ கணிசமாகப் பாதித்தால் காப்பு இல்லை என்று வாசகம் இருக்கிறது. திரையில் முகம் காட்டிப் பேசுவதே வேலையாக இருப்பவருக்கு அந்த விதிவிலக்கைத் தாண்டி வருவது மிகக் கடினம்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலை ஊழியரைவிட லட்சக்கணக்கில் சம்பாதிக்கும் பேஸ்பால் வீரருக்குப் பேச்சுக்கான பாதுகாப்பு அதிகம். காரணம் பணம் இல்லை, சங்கம். ராக்கர் பேசியதைப் போல ஒரு கடை ஊழியர் பேசி அது பத்திரிகையில் வந்திருந்தால், மறுநாள் காலை அவருக்கு வேலை இருக்காது. அவருக்காக வாதாட ஆளும் இருக்காது, கேட்க மத்தியஸ்தரும் இருக்கமாட்டார்.

மத்தியஸ்தர் முறைக்கும் பலவீனம் உண்டு. இரு தரப்பில் எவர் வேண்டுமானாலும் மத்தியஸ்தரை மாற்றலாம். 2012-ல் ஊக்கமருந்து விவகாரத்தில் பேஸ்பால் வீரர் ரயன் பிரானின் தடையை ரத்து செய்தார் அதே ஷியாம் தாஸ். சில மாதங்களில் லீக் அவரை அனுப்பிவிட்டது.

மத நம்பிக்கை குறுக்கே வந்தால் கணக்கு மாறும். இதற்கு ஆஸ்திரேலியாவின் இஸ்ரேல் ஃபொலாவ் விஷயத்தைப் பார்க்க வேண்டும். தேசிய ரக்பி அணிக்காக 73 டெஸ்ட் ஆடியவர். 2019 ஏப்ரலில், குடிகாரர்கள், ஓரினச் சேர்க்கையாளர்கள், நாத்திகர்கள் என ஒரு பட்டியல் போட்டு இவர்களுக்கெல்லாம் நரகம் காத்திருக்கிறது என்று இன்ஸ்டாகிராமில் பதிவிட்டார். அதற்கு முந்தைய வருடமும் இதே மாதிரி ஒரு பதிவுக்காக எச்சரிக்கப்பட்டவர். ரக்பி ஆஸ்திரேலியா மூவர் குழு அமைத்து விசாரித்து, நடத்தை விதியைக் கடுமையாக மீறினார் என்று மே மாதம் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. ஆஸ்திரேலிய அரசியல் சட்டத்தில் தனிமனிதப் பேச்சுரிமை என்று வெளிப்படையாக எதுவும் இல்லை. அரசியல் கருத்துப் பரிமாற்றத்துக்கு நீதிமன்றம் கண்டெடுத்த ஒரு காப்பு உண்டு, அதுவும் தனிமனித உரிமை இல்லை என்று அதே 2019 ஆகஸ்டில் உயர்நிலை நீதிமன்றம் ஓர் அரசு ஊழியரின் ட்விட்டர் வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே ஃபொலாவ் பேச்சுரிமை என்று போகவில்லை. மதத்தின் காரணமாக வேலைநீக்கம் கூடாது என்ற தொழிலாளர் சட்டப் பிரிவைப் பிடித்தார். நீதிமன்றம் முடிவு சொல்வதற்கு முன், டிசம்பரில் இரு தரப்பும் சமரசமாகப் போய்விட்டன. தொகை ரகசியம். அதனால் பைபிளிலிருந்து எடுத்துப் பதிவிட்டால் அது மதமா, ஒழுங்கு மீறலா என்ற கேள்விக்கு அந்த வழக்கில் விடையே வரவில்லை. ஓரினச் சேர்க்கையாளரான ஓர் இளம் ரக்பி வீரர் அந்தப் பதிவைப் படித்து என்ன நினைத்திருப்பார் என்பது எனக்கு முக்கியம். அதே சமயம், முதலாளி ஓர் ஊழியரின் வேதத்துக்கு எல்லை வகுக்கும் இடத்தில் அமர்வதும் எனக்குப் பயம் தருகிறது. இரண்டையும் ஒரே ஒப்பந்தச் சரத்தால் தீர்த்துவிடலாம் என்று நான் நம்பவில்லை.

நம் ஊரில் எப்படி என்ற கேள்வி உங்களுக்கு வரும், ஏனென்றால் ஹார்திக் பாண்டியா, கே.எல். ராகுல் விவகாரம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2019 ஜனவரியில் கரண் ஜோஹரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பெண்களைப் பற்றிப் பாண்டியா தரக்குறைவாகப் பேசினார். ராகுல் கூட இருந்தார். இந்தியக் கிரிக்கெட் வாரியத்தை அப்போது நடத்திக்கொண்டிருந்த, உச்ச நீதிமன்றம் நியமித்த நிர்வாகக் குழு, இருவரையும் சஸ்பெண்ட் செய்து ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்திலிருந்து திருப்பி அனுப்பியது. விசாரிக்க வேண்டிய குறைதீர்ப்பாளர் பதவிக்கு அப்போது ஆளே நியமிக்கப்படவில்லை. முதலில் தண்டனை, பிறகு விசாரணை. ஜனவரி 24-ல் சஸ்பென்ஷனை நிறுத்திவைத்தார்கள். பிறகு நியமிக்கப்பட்ட டி.கே. ஜெயின் ஏப்ரலில் ஆளுக்கு 20 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தார். அதில் 10 லட்சம், பணியில் உயிரிழந்த துணை ராணுவக் காவலர்கள் 10 பேரின் குடும்பங்களுக்கு. மீதி 10 லட்சம், பார்வையற்றோர் கிரிக்கெட்டுக்கு. பணம் போன இடம் நல்ல இடம். ஆனால் விசாரிக்க ஆள் வருவதற்கு முன்பே சர்வதேச ஆட்டங்கள் போய்விட்டன, அவற்றை யாராலும் திருப்பித் தர முடியாது.

அரசியல் சட்டப்படி பார்த்தால், கிரிக்கெட் வாரியம் 'அரசு' இல்லை என்று 2005-ல் ஜீ டெலிபிலிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் பொதுப்பணி செய்வதால் உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரத்துக்கு, அதாவது உரிமை மீறலில் நேரடியாக உத்தரவிடும் அதிகாரத்துக்கு, கட்டுப்பட்டது. 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் அரசியல் சாசன அமர்வின் பெரும்பான்மை, பேச்சுரிமை உட்பட பிரிவு 19 தரும் உரிமைகளை அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் கோரலாம் என்றது. அமெரிக்க நீதிமன்றம் நினைத்துக்கூடப் பார்க்காத இடம் இது. காகிதத்தில் பார்த்தால் இந்திய வீரருக்கு ராக்கரைவிட உரிமை அதிகம்.

நடைமுறையில் பாண்டியாவுக்கும் ராகுலுக்கும் பின்னால் யாரும் இல்லை. 2019-ல் தொடங்கிய இந்தியக் கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. இன்று களத்தில் ஆடுகிறவர்களுக்கு வாரியத்தோடு கூட்டாகப் பேரம் பேசும் சங்கம் கிடையாது, தண்டனையின் அளவைக் கேள்வி கேட்க இரு தரப்பும் ஏற்ற மத்தியஸ்தர் கிடையாது. பாண்டியா மோசமாகப் பேசினார், தண்டனை தேவைதான். அது எவ்வளவு என்று முடிவு செய்தபோது அவர் பக்கம் நின்று எண்ணிப் பார்க்க ஒருவர் இருந்திருக்க வேண்டும்.